258 பேர் பார்த்த ஒளிக்கோடு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் திருப்பிச் சொல்கிறேன். 1996-இல் நியூயார்க் பக்கம் கடலில் விழுந்த டி.டபிள்யூ.ஏ. 800 விமான விபத்தில், வானத்தில் ஓர் ஒளிக்கோடு போனதைப் பார்த்ததாக 258 பேர் சொல்லியிருக்கிறார்கள். கொலை வழக்கில் கண்ணால் கண்ட சாட்சி இரண்டு பேர் இருந்தாலே தண்டனை கிடைக்கிறது. இங்கே இத்தனை பேர் சொன்னதை ஒதுக்கிவிட்டு, உடைந்த தகரத்தையும் ஒயரையும் நம்பியது என்ன நியாயம், அத்தனை பேருமா பொய் சொல்வார்கள் என்று கேட்கிறீர்கள். கூடவே, நாளைக்கு நீங்களே ஒரு விபத்தை நேரில் பார்த்தால் உங்கள் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்ப்பதற்கு இது ஏவுகணையா இல்லையா என்ற சண்டை போலத் தெரியலாம். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: மனிதன் சத்தியம் செய்து சொல்வதும் உலோகம் காட்டுவதும் ஒத்துப்போகாதபோது எதன் பக்கம் நிற்பது?

நான் 27 வருடம் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவன். ஹேங்கரிலும் (விமானத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகை) ஓடுதளத்திலும் நடந்த சின்னச் சின்னச் சம்பவங்களுக்கான உள் விசாரணைக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். சாட்சிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பயிற்சியும் கொடுத்தார்கள். உயிர்ச்சேதம் நடந்த பெரிய விபத்து எதையும் விசாரித்தவன் அல்ல. டி.டபிள்யூ.ஏ. 800 பற்றி நான் சொல்லப்போவது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 ஆகஸ்டில் முடித்த அறிக்கையைப் படித்து, என் தொழிலறிவோடு உரசிப் பார்த்துப் புரிந்துகொண்டது. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'பொய்' என்ற சொல்லை எடுத்து வெளியே வைத்துவிடுவோம். அந்தச் சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று வாரியம் சொல்லவே இல்லை. அவர்கள் பார்த்தது நிஜமான ஒளி; பெரும்பாலானவர்களைப் பொறுத்தவரை அது எரிந்துகொண்டே போன அதே விமானத்தின் ஒளி. இதுதான் அறிக்கையின் முடிவு. 'கண்ணால் காண்பதும் பொய்' என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழி பழியைத் தூக்கிக் கண்ணின் மேல் போடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண் பெரும்பாலும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. கண்டதற்குப் பெயர் வைக்கும் இடத்தில்தான் சறுக்குகிறோம். "ஒரு வெளிச்சம் மேலே போச்சு" என்பது பார்த்தது. "ஏவுகணை போச்சு" என்பது பார்த்ததற்கு வைத்த பெயர். சாட்சி பேசும்போது இரண்டும் ஒரே மூச்சில் வந்து விழும். அவற்றைப் பிரித்து எடுப்பதற்கே விசாரணையாளருக்குப் பாதி நாள் போய்விடும்.

சரி, நடந்ததைப் பார்ப்போம். ஜூலை 17, கோடைக்கால மாலை. கென்னடி விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய போயிங் 747 இரவு 8.19-க்கு மேலெழுந்தது. 12 நிமிடம் கழித்து, லாங் ஐலண்ட் கரைக்குத் தெற்கே கடலுக்கு மேல், ஏறக்குறைய 13,700 அடி உயரத்தில் வெடித்தது. விமானத்தில் இருந்த 230 பேரும் இறந்தார்கள். சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது. கடற்கரையிலும் படகிலும் வீட்டு முற்றத்திலும் ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் வழக்கத்தில் இல்லாத அளவுக்கு, 736 சாட்சிகளின் குறிப்புகள் சேர்ந்தன. அவர்களில் 599 பேர் தீக்கோளத்தைச் சொன்னார்கள். ஒளிக்கோட்டைச் சொன்ன 258 பேரில் பலர் இந்த 599-க்குள்ளும் வருகிறவர்கள்.

இப்போது தகரத்துக்கு வருவோம். விமானம் விழுந்த இடத்தில் கடல் சுமார் 120 அடி ஆழம். மூழ்கி எடுத்தார்கள், பிறகு மீன்பிடிக் கப்பல்களைக் கொண்டு கடலடியை வலைபோட்டு அரித்தார்கள். விமானத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் திரும்பக் கிடைத்தது. கால்வர்டன் என்ற ஊரில் ஒரு பழைய ஹேங்கரில் சட்டம் கட்டி, விமான உடலின் 28 மீட்டர் நீளத்தைத் துண்டு துண்டாகத் தொங்கவிட்டு மறுபடியும் பொருத்தினார்கள். ஆனால் துண்டை விட, அது விழுந்து கிடந்த இடம்தான் அதிகம் பேசியது. விமான நிலையத்துக்குப் பக்கமாக, அதாவது பறந்து வந்த பாதையில் முதலில் கிடந்தவை நடு எரிபொருள் தொட்டியின் பாகங்களும் அதை ஒட்டிய உடற்பகுதியின் துண்டுகளும். அதைத் தாண்டி மூக்குப் பகுதி. இன்னும் தள்ளி, இறக்கைகளும் எஞ்சின்களும் வாலும். கையில் ஓட்டை மூட்டையோடு ஓடுகிறவன் சிந்திக்கொண்டே போன மாதிரிதான். எது முதலில் கழன்றது என்று தரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நடுத் தொட்டிக்குள் இருந்த ஒரு குறுக்குச் சுவர் முன்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போய் அடுத்த சுவரில் மோதிய தடமும் இருந்தது. வெளியிலிருந்து ஏதாவது வந்து அடித்திருந்தாலோ உள்ளே குண்டு வெடித்திருந்தாலோ உலோகத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளும், பூவிதழ் மாதிரி விரிந்த ஓட்டையும், வெப்ப வாயு கழுவிய தடமும் இருக்கும். மீட்டெடுத்த எதிலும் அவை இல்லை.

தொட்டி ஏன் வெடித்தது என்றால், அது கிட்டத்தட்ட காலியாக இருந்ததால். ஏறக்குறைய 48,000 லிட்டர் பிடிக்கும் தொட்டியில் அன்றைக்கு இருந்தது வெறும் 190 லிட்டர் அளவு. தொட்டிக்கு நேர் கீழே ஏ.சி. இயந்திரங்கள். விமானம் கிளம்பும்முன் அவை இரண்டரை மணி நேரம் போல ஓடியிருந்தன. அடியில் அடுப்பு, உள்ளே கொஞ்சம் எரிபொருள், மீதி முழுக்க ஆவியும் காற்றும். டீசல் இருந்த காலி டிரம்மை வெல்டிங் செய்யப் போய் வெடித்த கதைகளை நம் ஊர்ப் பட்டறைகளில் கேட்டிருப்பீர்கள். ஆபத்து நிரம்பிய டிரம்மை விடக் காலி டிரம்மில்தான் அதிகம்.

மூக்குப் பகுதி கழன்று விழுந்த பிறகும் மிச்ச விமானம் உடனே விழுந்துவிடவில்லை. அதற்கு இறக்கை இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது, வேகம் இருக்கிறது. எரிபொருளை ஒழுகவிட்டு எரிந்துகொண்டே, சற்று மேலேறியும் போய், பிறகுதான் உடைந்து தீக்கோளமாகி விழுந்தது. கரையில் நிற்பவருக்கு மூக்கறுந்த 747 தெரியாது. நகரும் ஒரு வெளிச்சம் தெரியும். அது கொஞ்ச தூரம் போய்ப் பெரிதாகி, இரண்டாகப் பிரிந்து கீழே இறங்குவதும் தெரியும். இதைத்தான் அவர்கள் சொன்னார்கள்.

இனி ஒலி. விழுந்த இடம் பக்கத்துக் கரையிலிருந்தே சுமார் 13 கிலோமீட்டர். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். மின்னல் வெட்டினால் இடி கேட்கும்வரை எண்ணிப் பார்ப்போமே, அதே கணக்கு. முதல் வெடிச்சத்தம் கரைக்கு வர 40 நொடி போல ஆகும். வெடிப்பிலிருந்து தண்ணீரில் விழும்வரை எல்லாமே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அப்படியானால் "சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன், அப்போது ஒளி போய் வெடித்தது" என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்தது கதையின் கடைசிக் காட்சியை. ஆனால் அவர் மனதில் அதுதான் முதல் காட்சி. பார்க்க ஆரம்பித்த இடத்தைத்தான் யாரும் ஆரம்பம் என்று நினைப்பார்கள்.

உயரமும் அப்படித்தான். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால், அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. கரையில் நின்றவருக்கு அந்த விமானம் தொடுவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரம்கூட இருந்திருக்காது. தாழ்வான வானத்தில், தூரத்தைக் கணிக்க மரமோ கட்டிடமோ இல்லாத கடலுக்கு மேல் நகரும் ஒரு வெளிச்சம், மேலே ஏறுகிறதா, நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. விமானியாலும் முடியாது. எதிரே வரும் விமானத்தின் விளக்கு அசையாத நட்சத்திரம் மாதிரி நிற்பதை இரவில் பறந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

இந்த ஒலி விஷயத்தை நான் அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சொந்தமாக அடிபட்டுக் கற்றேன். ஒரு ஹேங்கரில் இரவு ஷிஃப்ட். டிராக்டர் வைத்து விமானத்தைப் பின்பக்கமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்த்தால் இறக்கை முனையில் அடி, பக்கத்தில் நின்ற மஞ்சள் நிற வேலை மேடையில் கீறல். அங்கே இருந்த வாட்ச்மேன் "டமார்னு சத்தம், பார்த்தேன், விமானம் மேடையில இடிச்சுது" என்று உறுதியாகச் சொன்னார். நேர்மையான மனிதர், யார்மேலும் அவருக்குக் கோபமில்லை. நான் அப்படியே எழுதினேன். டிராக்டர் ஓட்டியவரை மூன்று வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு தகடு மாற்ற வந்த மூத்த ஷீட்மெட்டல்காரர் அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது இழுத்த அடி இல்ல, குத்தின அடி" என்றார். விமானம் நகர்ந்து உரசியிருந்தால் கோடு முன்பின்னாக இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இருந்தது ஒரே குழி, அதற்குள் மஞ்சள் பெயிண்ட், அவ்வளவுதான். தரையில் மேடையின் சக்கரம் தேய்ந்த ரப்பர் தடம் பக்கவாட்டில் இருந்தது. நின்றுவிட்ட விமானத்தின் மேல், பிரேக் போடாத மேடையை யாரோ உருட்டி மோதியிருக்கிறார்கள். வாட்ச்மேன் சத்தம் கேட்ட பிறகு திரும்பியவர். அவர் கண்ணில் பட்டது டிராக்டர் மாட்டிய விமானமும் அதை ஒட்டி நின்ற மேடையும். நடுவில் நடந்ததை மனம் தானாக நிரப்பிக்கொண்டது. நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: "சத்தம் கேட்டபோது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" கேட்கவில்லை.

கேள்வி கேட்கும் விதம் சாட்சியத்தையே மாற்றிவிடும். டி.டபிள்யூ.ஏ. 800 விவகாரத்தில் எனக்கு அதிக வருத்தம் தருவது இந்தப் பகுதிதான். சாட்சிகளிடம் முதலில் பேசியது விபத்து விசாரணையாளர்கள் அல்ல, எஃப்.பி.ஐ. ஆட்கள். அவர்கள் குற்றச்செயலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மாதிரிக் கேள்விகளில் "ஏவுகணை எவ்வளவு நேரம் பறந்தது?", "விமானத்துக்கும் ஏவுகணை கிளம்பிய இடத்துக்கும் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது?" என்ற வகைக் கேள்விகள் இருந்தன. வெளிச்சத்தைப் பார்த்தவரிடம் போய் ஏவுகணை எவ்வளவு நேரம் பறந்தது என்று கேட்டால், அவர் பதிலில் நொடிக்கணக்கு வரும். கூடவே ஏவுகணையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பேசியதை அப்படியே பதிவும் செய்யவில்லை. அதிகாரி தன் வார்த்தையில் சுருக்கி எழுதிக்கொண்டார். எழுதியதைச் சாட்சியிடம் காட்டிச் சரிபார்க்கவும் இல்லை. ஆக, இன்றைக்கு நாம் 258 சாட்சியம் என்று சொல்வதில் பெரும்பகுதி, சாட்சி சொன்னதாக இன்னொருவர் எழுதியது. இதில் சாட்சியின் குறை என்ன இருக்கிறது?

அதற்காக விசாரணையாளர்கள் அந்தக் குறிப்புகளை மூட்டைகட்டிப் போட்டுவிடவில்லை. 2000 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் எக்லின் விமானப்படைத் தளத்தில் தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகளை நிஜமாகவே ஏவி, வெவ்வேறு தூரத்தில் ஆட்களை நிறுத்தி என்ன தெரிகிறது என்று பார்த்தார்கள். அதை வைத்து, ஏவுகணைதான் விமானத்தை அடித்தது என்றால் கரையில் இருந்தவர் என்ன வரிசையில் என்ன பார்த்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். முதலில் மிக வேகமாகச் செங்குத்தாக ஏறும் ஓர் ஒளி, ஏறக்குறைய 8 நொடி. பிறகு மோட்டார் அணைந்துவிடுவதால் 7 நொடி வரை ஒன்றுமே தெரியாது. பிறகு முதலாவதை விட மெதுவாக, பக்கவாட்டில் நகரும் இரண்டாவது ஒளி, 30 நொடி போல. அது இறங்கிக்கொண்டே தீக்கோளமாகும். அதாவது ஏவுகணைக் கதைக்கு இரண்டு ஒளிக்கோடு வேண்டும், நடுவில் ஓர் இருட்டு வேண்டும். 736 சாட்சிகளின் குறிப்புகளில் ஒன்றுகூட இந்த வரிசையைச் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை மொத்த அறிக்கையிலும் கூர்மையான வாதம் இதுதான். சாட்சியை உலோகத்தால் அடித்து உட்கார வைக்கவில்லை. சாட்சி சொன்னதை முழுதாக நம்பினால் எங்கே போய்ச் சேருவோம் என்று பார்த்திருக்கிறார்கள்.

ஒத்துவராதவையும் இருந்தன. ஒளி செங்குத்தாக அல்லது ஏறக்குறைய செங்குத்தாக ஏறியது என்று 38 பேர் சொன்னார்கள். கடல்மட்டத்திலிருந்தோ தொடுவானத்திலிருந்தோ கிளம்பியது என்று 18 பேர் சொன்னார்கள். கணக்கிட்ட விமானப் பாதையோடு இவை பொருந்தவில்லை என்று அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. இத்தனை சாட்சிகள் இருக்கும் இடத்தில் எல்லாரும் ஒன்றாகச் சொல்வதை எதிர்பார்க்க முடியாது, இதை மட்டும் வைத்து ஏவுகணை என்று சொல்லிவிட முடியாது என்று முடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. ஆனால் அந்த 18 பேரில் ஒருவராக நான் இருந்திருந்தால் திருப்தி அடைந்திருப்பேனா என்றால், மாட்டேன்.

அவர்களின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1997 நவம்பரில் குற்ற விசாரணையை முடித்துக்கொண்ட நேரத்தில், சி.ஐ.ஏ. தயாரித்த ஓர் அசைபடத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதில் இருந்த, ஒலி வந்து சேரும் நேரக் கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் மூக்கிழந்த விமானம் பல ஆயிரம் அடி மேலேறியதாக அதில் காட்டியதை, பின்னால் வந்த வாரியத்தின் கணக்கு அந்த அளவுக்கு ஆதரிக்கவில்லை. அந்தப் படத்துக்குத் தூணாக இருந்தது, வெஸ்ட்ஹாம்ப்டன் என்ற கரையோர ஊரில் ஒரு பாலத்தில் நின்ற தொழிலாளி சொன்னது. அவரோ, தான் சொன்னதை மாற்றிக் காட்டிவிட்டார்கள் என்று பிற்பாடு பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாட்சியைப் பேசவிடாமல் சாட்சிக்காகப் படம் போட்டால் இதுதான் நடக்கும்.

உலோகம் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே உடைசல்களில் மூன்று இடத்தில் வெடிமருந்தின் நுண்ணிய தடயம் கிடைத்தது. செய்தி வந்தவுடனே 'குண்டுதான்' என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆய்வகம் சொன்னது பிழையில்லை, மருந்து அங்கே இருந்தது. ஆனால் இரண்டு நாள் கடல்நீரில் ஊறினால் அது கரைந்துபோய்விடும் என்று சோதனையில் தெரிந்தது. உடைசல்கள் அதைவிட அதிகமாகவே ஊறியிருந்தன. அப்படியானால் மீட்புக்கு வந்த கடற்படை ஆட்கள், கப்பல்கள், வண்டிகள் வழியாகப் பிறகு ஒட்டியிருக்கலாம் என்று வாரியம் கருதியது. அந்த விமானம் 1991-இல் வளைகுடாப் போருக்குப் படையினரை ஏற்றிச் சென்றது, விபத்துக்கு ஐந்து வாரம் முன்பு ஒரு மோப்ப நாய்ப் பயிற்சி நடந்தது என்று எஃப்.பி.ஐ. வேறு விளக்கங்கள் சொன்னது. எது சரி என்று அறுதியிட முடியவில்லை. 'மருந்து இருந்தது' என்பது பார்த்தது, 'குண்டு வெடித்தது' என்பது பெயர் வைத்தது. வாட்ச்மேன் செய்த அதே தவறை ஆய்வகச் சீட்டை வைத்துக்கொண்டும் செய்யலாம்.

சாட்சிகள் எதில் தேறுகிறார்கள், எதில் தவறுகிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல எண்கள் கிடைத்தது 2001 நவம்பர் 12 விபத்தில்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏர்பஸ் ஏ300, அதே கென்னடியிலிருந்து கிளம்பி பக்கத்து பெல் ஹார்பர் குடியிருப்பில் விழுந்தது. தரையில் இருந்த 5 பேரோடு 265 பேர் இறந்தார்கள். இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர் முழுக்க என்ன நினைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாரியம் 349 பேர் சொன்னதைச் சேர்த்து எண்ணிப் பார்த்தது. 52 சதவீதம் பேர் வானத்திலேயே தீயைப் பார்த்ததாகச் சொன்னார்கள். தீ எங்கே என்றால் விமான உடலில், இடது எஞ்சினில், வலது எஞ்சினில், இறக்கையில் என்று ஆளுக்கொரு இடம். 20 சதவீதம் பேர் தீயே இல்லை என்றார்கள். விமானம் வலப்பக்கம் திரும்பியது என்றவர்கள் 18 சதவீதம், இடப்பக்கம் என்றவர்களும் 18 சதவீதம். ஏதோ ஒன்று கழன்று விழுந்தது என்று 57 சதவீதம் பேர் சொன்னார்கள்; அவர்கள் சொன்னது சரி. ஆனால் 13 சதவீதம் பேருக்கு விழுந்தது இறக்கை. உண்மையில் முதலில் கழன்றது செங்குத்து வால். ஜமைக்கா விரிகுடாவில் அது கிட்டத்தட்ட முழுதாக மிதந்து கிடந்தது. முன்னால் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 விட்டுச்சென்ற காற்றுச்சுழலில் விமானம் ஆட, துணை விமானி வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் மிதியை மாறி மாறி இரண்டு பக்கமும் முழுதாக மிதித்ததை கருப்புப் பெட்டி காட்டியது. அந்த விசையில் வால் முறிந்தது. எஞ்சின்கள் பிறகு பிய்ந்து போனபோது ஒழுகிய எரிபொருள் பற்றியதைத்தான் பலர் தீ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆக, 'ஏதோ விழுந்தது', 'ஆடியது', 'இறங்கியது' என்ற அளவில் சாட்சி கெட்டி. எது விழுந்தது, எந்தப் பக்கம், எது முதலில், எது அடுத்தது என்று போகப்போக நம்பகம் குறையும்.

சாட்சி சொன்னது அப்படியே நின்ற விபத்துகளும் உண்டு. 1979 மே 25, சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையம். டி.சி.-10 விமானம் மேலெழும்போதே இடது எஞ்சின் கழன்று இறக்கைக்கு மேலாகச் சுழன்று விழுந்ததை நேரில் பார்த்தவர்கள் இருந்தார்கள், எஞ்சினும் ஓடுதளத்திலேயே கிடந்தது. சாட்சி 'என்ன' என்று சொன்னார். 'ஏன்' என்று உலோகம் சொன்னது: எஞ்சினையும் அதைத் தாங்கும் தூணையும் சேர்த்து ஃபோர்க்லிஃப்டில் ஏற்றி இறக்கியதில் விழுந்த விரிசல். 273 உயிர் போனது பராமரிப்புப் பழக்கம் ஒன்றால் என்பதால் எங்கள் தொழிலில் இதை மறக்க முடியாது. 2000-இல் பாரிஸில் கான்கார்ட் விமானம் மேலெழும் நேரத்தில், பின்னால் தீ எரிகிறது என்று கோபுரத்திலிருந்த கட்டுப்பாட்டாளர் வானொலியில் விமானிகளிடம் சொன்னார். அதுவும் கண் சாட்சிதான். ஆனால் பார்த்த நொடியிலேயே நேர முத்திரையோடு பதிவாகிவிட்டதால் ஞாபகம் நடுவில் புகுந்து குழப்ப இடமில்லை. 1996 நவம்பரில் அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தபோது, அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானப்படை விமானிகள் மேகம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்ததைப் பார்த்துச் சொன்னார்கள். எப்போது, எங்கே என்பதற்கு அது அருமையான சாட்சியம். ஆனால் மோதிய இரண்டில் கஜகஸ்தான் விமானம் தனக்குக் கொடுத்த 15,000 அடியை விட்டு சவுதி விமானத்தின் 14,000 அடிக்கு இறங்கியதைப் பதிவுக் கருவிகள்தான் சொல்ல முடிந்தது.

நீதிமன்றத்தோடு ஒப்பிட்டீர்களே, அங்கே ஒரு சின்னத் திருத்தம். இத்தனை சாட்சி வேண்டும் என்று நம் சாட்சியச் சட்டத்தில் எண்ணிக்கையே கிடையாது. ஒருவர் போதும், அவர் நம்பத்தக்கவராக இருந்தால். விபத்து விசாரணையிலும் தலை எண்ணுவதில்லை. மேலும், சர்வதேச விதிப்படி விபத்து விசாரணையின் நோக்கம் யார் குற்றவாளி என்று காட்டுவது அல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது. அதனால் சாட்சி நல்லவரா என்ற கேள்வியே எழாது. அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்க முடியுமா என்றுதான் கேட்பார்கள்.

டி.டபிள்யூ.ஏ. 800-இல் எதை நான் உறுதியாக எடுத்துக்கொள்கிறேன் என்றால்: நடுத் தொட்டி வெடித்தது, விமானம் அங்கேதான் முதலில் பிளந்தது, வெளியிலிருந்து எதுவும் அடிக்கவில்லை. இவை விழுந்த வரிசையிலும் உலோகத்திலும் இருக்கின்றன. தொட்டிக்குள் பொறி எப்படி வந்தது என்பது அந்த அளவுக்கு உறுதியில்லை. தொட்டிக்கு வெளியே ஏதோ ஒயரில் ஷார்ட் ஆகி, எரிபொருள் அளவு காட்டும் ஒயர் வழியாக அதிக மின்னழுத்தம் உள்ளே போயிருக்க அதிக வாய்ப்பு என்றுதான் வாரியம் எழுதியது. நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதியது. வெடிப்புக்கு இரண்டு நிமிடம் முன்பு, நான்காவது எஞ்சினின் எரிபொருள் ஓட்டம் காட்டும் முள் கிறுக்குத்தனமாக ஆடுவதாகத் தலைமை விமானி சொன்னது குரல் பதிவில் இருக்கிறது. அது அந்த ஷார்ட்டின் முன்னறிகுறி என்று எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் உறுதி என்று சொல்ல மாட்டேன். 2014-இல் விசாரணையை மறுபடி திறக்கச் சொன்ன மனுவை வாரியம் நிராகரித்தது. அதற்கு முன்பே, 2008-இல், தொட்டிக்குள் ஆவி தீப்பற்றும் நிலையைக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்துவிட்டது.

கடைசியாக, நீங்கள் ஒரு விபத்தைப் பார்த்தால் என்ன செய்வது? டிவியைப் போடுவதற்கு முன், பக்கத்தில் நின்றவரோடு பேசுவதற்கு முன், ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், எது உங்களைத் திரும்ப வைத்தது, சத்தமா வெளிச்சமா. உயரத்தை அடிக்கணக்கில் எழுத வேண்டாம். 'எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு முஷ்டி' என்று எழுதுங்கள். அதே இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போய்க் கையைக் காட்டச் சொல்வார்கள், திசைமானி வைத்து அளந்துகொள்வார்கள். உங்கள் கோடும் வேறு தெருவில் நின்ற ஒருவரின் கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே போய்த் தேடுவார்கள். தொலைந்த பாகங்கள் அப்படிக் கிடைத்ததுண்டு. என்னவென்று தெரியாததை 'ஏதோ ஒன்று' என்றே விடுங்கள். கீழே கிடக்கும் துண்டு எதையும் கையில் எடுக்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். ஃபோனில் படம் எடுத்திருந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் பெரிதாக உதவாது, தரம் குறைந்துவிடும். ஃபோனில் உள்ள மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். அதில் ஒலியும் இருந்தால் இன்னும் நல்லது.